ஐந்து கிலோ பீங்கான் ஜாடி: மூன்று மாவடுப் பருவங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி சந்தன வெண்மையுமாக இருக்கும் ஐந்து கிலோ பீங்கான் ஜாடி ஒன்றை 2022 பிப்ரவரியில் திருச்சியில் 520 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று மாவடுப் பருவங்கள் அதைப் புழங்கிய பிறகே இதை எழுதுகிறேன். நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் மளிகைக்கும் காய்கறிக்கும் சேர்த்து ஒரு தொகையை மாதத் தொடக்கத்திலேயே எடுத்து வைத்து, அதற்குள் சமாளிக்க வேண்டிய நிலையில் இருக்கும் எனக்கு, ஒரு பாத்திரத்துக்கு ஐநூறு ரூபாய் என்பது சாதாரணத் தொகை அன்று. கடையில் விற்கும் ஊறுகாயை வாங்குவதை விட வீட்டில் போடுவது மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் போட்டதில் பாதியைப் பூசணம் பிடித்துக் கொட்டினால் அது எப்படி மலிவாகும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் அப்படிக் கொட்டியவள்.

முதலில் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பார்த்தேன். ஊறுகாய் கெடவில்லை, ஆனால் டப்பா எண்ணெயையும் மிளகாய் நிறத்தையும் வாடையையும் உறிஞ்சிக்கொண்டு, எத்தனை முறை கழுவினாலும் வேறு எதற்கும் உதவாமல் போனது. அடுத்த ஆண்டு எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சையை உப்புப் போட்டு வைத்தேன். இரண்டே மாதத்தில் அடியில் ஊசியால் குத்தியதைப் போலக் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது பொதுவாக உண்மைதான் என்றாலும், உப்பிலுள்ள குளோரைடு அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும் என்பதை அந்தத் தூக்கை இழந்த பிறகே தெரிந்துகொண்டேன். கண்ணாடிப் பாட்டில் நல்லதுதான். ஆனால் பழைய ஜாம் பாட்டில்களின் தகர மூடி உப்புக் காற்றிலேயே துருவேறும், ஐந்து கிலோ கொள்ளும் கண்ணாடி ஜாடியோ என் கைக்கு எட்டும் விலையில் இல்லை. ஆகப் பீங்கானுக்கு வந்து சேர்ந்தேன்.

உண்மையில் 520 ரூபாய் ஜாடி நான் வாங்கிய இரண்டாவது ஜாடி. முதலாவதை அதற்கு ஒரு மாதம் முன்பு வேறொரு கடையில் 380 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். பளபளப்பில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நாரத்தங்காயைச் சுருளாக அரிந்து உப்பை அடைத்து உள்ளே வைத்த பத்தாம் நாள், ஜாடியின் வயிற்றுப் பகுதியில் வெளிப்புறமாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. துடைத்தேன், மறுநாள் மீண்டும் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. மேல்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்திருக்கிறது. அதன் வழியே உப்புநீர் கசிந்து வெளியே காய்ந்து படிந்திருக்கிறது. கடைக்குக் கொண்டுபோனபோது, "உப்புப் போட்டுப் புழங்கிட்டீங்க, இனிமே எப்படிம்மா திரும்ப எடுக்கிறது?" என்று கேட்டார்கள். உப்புப் போடாமல் அந்த விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் திருப்பிக் கேட்டதற்குப் பதில் இல்லை.

அதனால் இரண்டாவது ஜாடியைப் பார்த்து வாங்கினேன். விரல் முட்டியால் தட்டினால் நல்ல ஜாடி கணீரென்று ஒலிக்கும். விரிசல் உள்ளது மொத்தென்று அடங்கும். இது பானை வாங்கும் எல்லோருக்கும் தெரிந்த பழைய சோதனை. ஆனால் மேல்பூச்சில் மட்டும் உள்ள மெல்லிய விரிசல் இந்தச் சோதனையில் சில நேரம் தப்பிவிடும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய செய்தித்தாளின் மேல் ஜாடியை வைத்து, கழுத்து வரை நீர் நிரப்பி, ஒரு முழு நாள் விட்டு வைக்க வேண்டும். தாள் நனையாமல் இருந்தால் ஜாடி தேறியது. கசிந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரரிடம் முதலிலேயே பேசி, பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டேன். அவர் அதை விருத்தாசலம் சரக்கு என்றார். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்தான். ஆனால் ஜாடியின் அடியில் எந்த முத்திரையும் இல்லாததால் அதை நான் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. செய்தித்தாள் மட்டும் நனையவில்லை.

இனி ஜாடி செய்த வேலையைச் சொல்கிறேன். மாசி பிறந்ததும் உழவர் சந்தைக்கு மாவடு வரத் தொடங்கும். முதல் வாரத்தில் விலை கூடுதலாக இருக்கும். பங்குனியில் இறங்கும், ஆனால் அதற்குள் சில வடுக்களில் கொட்டை முற்றத் தொடங்கிவிடும். நான் இரண்டுக்கும் நடுவில், மாசி கடைசியில், கிலோ 140 ரூபாய் வீதம் மூன்று கிலோ வாங்கினேன். காம்போடு இருக்கும் உருண்டை வடுவாக, அடிபடாததாகப் பொறுக்க வேண்டும். காம்பு உதிர்ந்த வடுவில் அந்தத் துளை வழியாகத்தான் முதலில் அழுகல் நுழைகிறது. கழுவி, நிழலில் துணி மேல் பரப்பி, ஈரம் முழுவதும் போன பிறகு விளக்கெண்ணெயைக் கையில் தொட்டு ஒவ்வொன்றிலும் பூசி, ஒரு அடுக்கு வடு, ஒரு பிடி கல் உப்பு என்று ஜாடியில் அடுக்கினேன். எட்டுக்கு ஒன்று என்பது என் மாமியார் சொன்ன உப்புக் கணக்கு. மூன்று கிலோவுக்கு 375 கிராம். ஜாடியை முன்னதாகவே வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காய வைத்து, தணலில் போட்ட பெருங்காயத்தின் புகையை உள்ளே பிடிக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. புகையால் என்ன நன்மை என்று எனக்கு நிரூபிக்கத் தெரியாது. ஜாடி மணமாக இருந்தது.

முதல் நாள் ஜாடியைச் சாய்த்துக் குலுக்கினால் வடுக்கள் கூழாங்கற்களைப் போல உருளும் ஓசை மட்டுமே கேட்டது. மூன்றாம் நாள் காலையில் சாய்த்தபோது உள்ளே நீர் தளும்பியது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் ஊற்றவில்லை. அவ்வளவும் உப்பு வடுவிலிருந்து இழுத்த நீர். வடுக்களின் தோல் சுருங்கத் தொடங்கி, பச்சை நிறம் மங்கி ஆலிவ் நிறத்துக்கு வந்திருந்தது. ஐந்தாம் நாள் மிளகாய், கடுகு, மஞ்சள் மூன்றையும் அந்த நீரிலேயே கொஞ்சம் எடுத்து அரைத்துக் கலந்தேன். பிறகு வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, அதன் மேல் மூடியைக் கவிழ்த்து வைத்தேன். ஊறும் முதல் வாரங்களில் உள்ளே சிறிது வாயு உண்டாகும். இறுக்கமான மூடி போட்ட பாட்டிலாக இருந்தால் அது திறக்கும்போது பொங்கும். பீங்கான் ஜாடியின் மூடி சரியாகப் பொருந்தாதது ஒரு குறை என்று நினைத்திருந்தேன். மாவடுவைப் பொறுத்தவரை அதுவே நன்மையாயிற்று. வெளிச்சம் புகாததால் புரட்டாசி வரை நிறமும் மாறவில்லை. ஒரே ஒரு முறை, ஈரக் கரண்டியைப் போட்ட என் மகனின் புண்ணியத்தில், மேலே வெண்படலம் கட்டியது. அதை வழித்து எறிந்துவிட்டு, நீர்மட்டத்துக்கு மேல் தலைநீட்டிய வடுக்களையும் எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடி உப்புச் சேர்த்ததும் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஜாடிக்குப் பக்கத்தில் மரக் கரண்டி தனியாகத் தொங்குகிறது.

பணக் கணக்கைப் பார்க்கலாம். வடு 420, உப்பு 8, மிளகாய் 36, கடுகும் மஞ்சளும் விளக்கெண்ணெயும் 30, ஆக 494 ரூபாய். ஊறிச் சுருங்கியதை நீர் வடித்து நிறுத்தபோது இரண்டரைக் கிலோ இருந்தது. அதே ஆண்டு சந்தைக்கு வெளியே ஊறிய மாவடுவைக் கிலோ 360 ரூபாய்க்கு விற்றார்கள். இரண்டரைக் கிலோவுக்கு 900. மிச்சம் 406 ரூபாய். ஜாடியின் விலையே 520 என்பதால் முதல் ஆண்டில் நான் நட்டத்தில் இருந்தேன். கசிந்த ஜாடியின் 380 ரூபாயையும் சேர்த்தால், விலைகள் ஏறக்குறைய அப்படியே இருந்ததாக வைத்துக்கொண்டாலும், மூன்றாம் பருவத்தில்தான் கணக்கு நேரானது. வீட்டு ஊறுகாய் உடனே பணத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்பவர்கள் பாத்திரத்தின் விலையை மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த மூன்று ஆண்டுகளில் இந்த ஜாடியிலிருந்து நான் குப்பையில் கொட்டியது அந்த வெண்படலத்தோடு போன பத்துப் பன்னிரண்டு வடுக்கள் மட்டுமே. எனக்கு லாபம் வந்தது அங்கேதான். மாவடு தீர்ந்த பிறகு மிஞ்சிய நீரையும் வீணாக்கவில்லை. மோர்க்குழம்பில் உப்புக்கும் காரத்துக்கும் பதிலாக ஒரு கரண்டி விட்டால் போதும்.

ஐப்பசியில் ஜாடி காலியாகும். அப்போது, கோடையில் ஒன்று பத்து ரூபாய் வரை போன எலுமிச்சை, மழைக்காலத்தில் இரண்டு ரூபாய்க்கு இறங்கியிருக்கும். ஐம்பது பழத்தை நான்காக வகுந்து உப்புப் போட்டுத் தினமும் கிளறிவிட்டால் மூன்று வாரத்தில் தோல் மெத்தென்று ஆகிவிடும்; தை வரை அதுதான் கஞ்சிக்கும் தயிர்சாதத்துக்கும். இப்படி ஒரே ஜாடி ஆண்டு முழுவதும் ஓய்வில்லாமல் இருப்பதால்தான் அதன் விலை நியாயமாகிறது. ஆண்டுக்கு ஒரு முறை அரைக் கிலோ தொக்குக் கிளறுபவர்களுக்கு இது தேவையே இல்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜாடியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வற்றலுக்கு இது உதவாது. 2023 சித்திரையில் மலிவாகக் கிடைத்த பத்துக் கிலோ தக்காளியை அரிந்து உப்புத் தூவி மாடியில் காய வைத்தேன். காய்ந்தபின் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே மிஞ்சியது. அந்த ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தபோது, எங்கள் வீட்டு ரசமும் குழம்பும் அந்த வற்றலில்தான் நடந்தன. வற்றலைக் கசிந்த பழைய ஜாடியில் போட்டு வைத்திருந்தேன். உலர்ந்த பொருளுக்கு விரிசல் தொல்லை இல்லை என்பது என் எண்ணம். ஆடி, ஆவணி வரை நன்றாகவே இருந்தது. ஐப்பசி மழையில் மூடியின் இடைவெளி வழியாக ஈரக்காற்று புகுந்து மிச்சமிருந்தது நமுத்துப் போயிற்று. மாவடுவுக்கு நன்மையாக இருந்த தளர்ந்த மூடி வற்றலுக்குக் கேடு. வற்றல், வடகம், மோர்மிளகாய்க்கு இறுக்கமான மூடியுள்ள பழைய பிஸ்கட் டின்னே சிறந்தது. புளிக்கு மண்பானை போதும்.

எடையும் ஒரு குறை. காலி ஜாடியே மூன்று கிலோவுக்கு மேல். நிறைந்தபின் அதைச் சாய்த்துக் குலுக்குவது முதுகுவலி உள்ளவர்களுக்கு ஆகாது. எனவே பத்துக் கிலோ ஜாடியைச் சிறு குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்ந்த ஜாடியில் கொதிநீரை ஒரேயடியாக ஊற்றினால் விரிசல் விடும். வெதுவெதுப்பான நீரில் தொடங்க வேண்டும். உட்புறத்தில் பூ வரைந்த வண்ண ஜாடிகளை அழகுக்காகக் கூட ஊறுகாய்க்கு வாங்க வேண்டாம். குறைந்த சூட்டில் சுட்ட சில வண்ணப் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். உப்பும் புளிப்பும் சேர்ந்தால் அது உணவில் இறங்கும். மேலும், ஜாடி நல்லதாக இருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது பாதுகாப்பாகிவிடாது. பூண்டை வெறும் எண்ணெயில் ஊறவைத்து மாதக்கணக்கில் வெளியே வைப்பவர்களைப் பார்க்கிறேன். காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில் புளிப்பு இல்லாமல் இருக்கும் பூண்டில் ஒரு வகைக் கிருமி வளர்ந்து, போட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்க வாய்ப்புண்டு. புளிப்பு கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. எலுமிச்சைச் சாறோ புளியோ வினிகரோ தாராளமாகச் சேர்த்த பூண்டு ஊறுகாய்தான் ஜாடிக்கு உரியது.

ஐந்து கிலோ ஜாடிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது மூடிக்காக. மூடியை ஜாடியோடு சேர்த்துச் சுடுவதில்லை போலும், எந்த ஜாடியின் மீது எந்த மூடியை வைத்தாலும் அது ஒரு பக்கம் ஆடுகிறது. வரும் தை மாதத்துக்குள் எலுமிச்சைக்கென்று தனியாக ஒரு இரண்டு கிலோ ஜாடி வாங்க இருக்கிறேன். கடையிலுள்ள மூடிகளை எல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க அனுமதித்து, கசிந்தால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதித் தரும் கடையில் மட்டுமே வாங்குவேன்.