புருவம் போடும் முன் தோல் பார்ப்பது: ஆறு கட்ட அட்டையோடு சில வருடங்கள்

பிளேடால் முடி முடியாகக் கீறி நிறமி ஏற்றிப் புருவம் போடும் மைக்ரோபிளேடிங் பயிற்சி முடித்ததும் கொடுத்த பெட்டியில் பிளேடு, நிறமிப் புட்டிகளோடு ஓர் அட்டையும் இருந்தது. வெளிர் ரோஜாவில் தொடங்கிக் கருப்பு வரை ஆறு கட்டங்கள். வருகிறவர் நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்து, எது பொருந்துகிறதோ அந்த எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். மதுரையில் பார்லர் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக இதைப் பிடித்துப் பார்த்துவிட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதை நம்பிப் பிளேடை எடுக்க முடியாது.

ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-இல் அட்டைக்கு அடிப்படையான இந்தத் தோல் வகைகளை வகுத்தது புருவத்துக்காக இல்லை. சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குப் புற ஊதாக் கதிர் கொடுக்கும்போது யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடத்தான். அவர் கேட்டது நிறத்தை அல்ல. வெயில் பட்டால் தோல் சிவந்து எரியுமா, கருக்குமா என்பதை. முதலில் இருந்தவை வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகள்தான். பழுப்பும் கருப்புமான ஐந்தும் ஆறும் பிறகு சேர்ந்தவை. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: "கருத்துடுவேன்க்கா." படிவங்களைப் புரட்டினால் நாலு, அஞ்சு, நாலு, அஞ்சு என்றே போகும். அதனால் என்ன தெரிகிறது? காயம் பட்டால் கருந்தடம் நிற்க வாய்ப்பு அதிகம், ஆழமாகக் கீறாதே என்பது மட்டும். அதற்குக் கையில் கொசு கடித்த தழும்பு எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்பதே மேல்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது எண்ணெய்ப் பசை. முகம் கழுவி, க்ரீம் எதுவும் போடாமல் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி, எண்ணெய் ஒற்றும் தாளைப் புருவத்தின் மேல் அழுத்தி எடுப்பேன். நம்ம ஊர் வெயிலில் வியர்வையும் சேர்ந்து ஒட்டும், அதனால் உடனே பார்த்தால் எல்லாருமே எண்ணெய்த் தோல்தான். தாளை ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டு மறுபடி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். வியர்வை காய்ந்து போயிருக்கும். எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி நிற்கும். அது புருவம் முழுக்கப் படர்ந்து, லென்ஸ் விளக்கில் துவாரங்களும் பெரிதாகத் தெரிந்தால், முடி முடியாகக் கீறும் வேலையை நான் எடுப்பதில்லை. கீறிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். மெஷினில் புள்ளி வைத்து நிழல்போலப் போடும் பவுடர் புருவம்தான் அந்தத் தோலில் பார்க்கும்படி நிற்கிறது. "இன்ஸ்டால பாத்த மாதிரி முடி முடியா வேணும்" என்று அடம்பிடிப்பவர்களுக்கு அந்தத் தாளையே காட்டிவிடுவேன்.

அடுத்தது அட்டையில் சுத்தமாக இல்லாத விஷயம், 'வெள்ளையாக்கும்' க்ரீம். என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டால் "சும்மா நைட் க்ரீம்தான்" என்பார்கள். அதனால் டியூபை எடுத்து வரச் சொல்கிறேன். பின்பக்கம் மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்திருந்தால் அன்று வேலை கிடையாது. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு இறுக்கியது. ஆனாலும் மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கிறது. மாதக்கணக்கில் பூசிய தோல் மெலிந்து, கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரியும். அதில் கீறினால் ரத்தம் கசிந்து நிறமியை வெளியே தள்ளிவிடும். முதலில் தோல் டாக்டர், பிறகுதான் நான்.

இரண்டு புருவத்துக்கும் நடுவில் பொட்டு வைக்கும் இடத்தையும் தவறாமல் பார்ப்பேன். ஸ்டிக்கர் பொட்டின் பசை சிலருக்கு அந்த இடத்தை வெளுக்க வைத்துவிடும். வெண்படையும் அதே இடத்தில் வரலாம், வெறும் கண்ணால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வெண்படை என்றால் காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு கிளம்பக்கூடும். ஆகவே அங்கே வெளுப்பு தெரிந்தால் டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை புருவத்தில் கை வைப்பதில்லை.

காது குத்திய இடத்தையும், இடது தோளில் பிசிஜி ஊசித் தழும்பையும் பார்ப்பேன். தடித்து வளர்ந்திருந்தால் வேண்டாம் என்றுவிடுவேன். கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்தால் பிறகு வாருங்கள் என்பேன். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறுத்தி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்காக அதை நிறுத்தவே கூடாது, புருவம் பென்சிலிலேயே இருக்கட்டும்.

நிறம் தேர்வதிலாவது அட்டை உதவுமா? ஓரளவு. நிறமி மேல்தோலுக்குக் கீழே போய் உட்காருகிறது, அதனால் அதை நம் தோலின் நிறம் வழியாகத்தான் பார்க்கிறோம். புட்டியில் இருக்கும் பழுப்பு ஆறிய பிறகு அதே பழுப்பாகத் தெரியாது. கார்பன் கலந்தது நாளாக ஆக நீலச் சாம்பலாகும், இரும்பு ஆக்சைடு அதிகமிருந்தால் செம்மண் நிறத்துக்குத் திரும்பும். திரும்ப டச்சப்புக்கு வந்தவர்களின் பழைய போட்டோக்கள்தான் எனக்கு இதில் அட்டையைவிட நல்ல வழிகாட்டி.

தோல் பார்க்கும் நாளையும் போடும் நாளையும் இப்போது தனித்தனியாக வைத்துவிட்டேன், பார்ப்பதற்குத் தனியாகக் காசும் வாங்குகிறேன். முணுமுணுக்கிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓடி வருகிறவர்களிடம் மட்டும் காசும் வாங்குவதில்லை, தோலும் பார்ப்பதில்லை. முதல் சில நாள் அட்டக் கறுப்பாக இருக்கும், அப்புறம் பொருக்கு உதிரும், முகூர்த்தம் சரியாக அதில் வந்து மாட்டும்.