ரெசல்யூஷனை குறைக்கறதா, அப்ஸ்கேலரா, ஃப்ரேம் ஜெனரேஷனா?

கேம் திணறுதுன்னு ப்ரீசெட்டை (எல்லா கிராஃபிக்ஸ் செட்டிங்கையும் ஒரே அடியா மாத்தற ஆப்ஷன்) மொத்தமா லோவுக்கு தள்ளிடாதீங்க, அதுல டெக்ஸ்சரும் (பொருட்கள் மேல ஒட்டற படம்) சேர்ந்து போயிடும். டெக்ஸ்சருக்கு வேண்டியது விராம், அதாவது கிராஃபிக்ஸ் கார்டோட சொந்த மெமரி தான், கார்டுல அது மிச்சம் இருக்கற வரைக்கும் ஹைல வெச்சாலும் எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு வர்ற ஃப்ரேம்) பெருசா அடிவாங்காது. ஷேடோ, வால்யூமெட்ரிக் ஃபாக் (காத்துல நிக்கற மூடுபனி), ரே ட்ரேசிங் (ஒளி போற பாதையை கணக்கு போடறது) இதையெல்லாம் முதல்ல குறைச்சு பாருங்க, பல கேம்ல இதுவே போதும்.

அப்பவும் பத்தலன்னா தான் ரெசல்யூஷனை குறைக்கறது, அப்ஸ்கேலர், ஃப்ரேம் ஜெனரேஷன் இந்த மூணும்.

ரெசல்யூஷனை குறைச்சா பலன் பெருசு, 4கே-ல கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல், 1080பி-ல 21 லட்சம் கூட இல்ல, நாலுல ஒரு பங்கு. ஆனா எல்சிடி மானிட்டர்ல அதோட சொந்த ரெசல்யூஷனை விட்டு இறங்கினீங்கன்னா படம் மங்கும், மேப், எழுத்து எல்லாம் சேர்ந்து குழம்பும், எனக்கு இது சுத்தமா பிடிக்கல.

அப்ஸ்கேலர் இங்க தான் ஜெயிக்குது. 3டி காட்சியை மட்டும் சின்ன ரெசல்யூஷன்ல வரைஞ்சு பெருசாக்கும், மெனுவும் எழுத்தும் முழு ரெசல்யூஷன்லயே ஷார்ப்பா நிக்கும். அப்ஸ்கேலரோட குவாலிட்டி மோட்ல 4கே-க்கு உள்ள ஓடறது 1440பி, ஆனா 1080பி மானிட்டர்னா வெறும் 720பி, அதனால சின்ன மானிட்டர்காரங்க குவாலிட்டிக்கு கீழ போக வேணாம்.

அப்ஸ்கேலர்ல என்விடியாவோட டிஎல்எஸ்எஸ்ஸா ஏஎம்டியோட எஃப்எஸ்ஆரான்னா, என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தா யோசிக்காம டிஎல்எஸ்எஸ். கம்பி வேலி, முடி, தூரத்து இலை மாதிரி மெல்லிசான விஷயங்கள்ல எஃப்எஸ்ஆர் 2, 3 ரெண்டும் மினுமினுன்னு துடிக்கும், டிஎல்எஸ்எஸ் அதை நல்லாவே அடக்கிடும். ஆனா அந்த எஃப்எஸ்ஆர் எந்த கம்பெனி கார்டுலயும் ஓடும், என்விடியாவோட பழைய ஜிடிஎக்ஸ் கார்டு வெச்சிருக்கறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய உதவி! 2021-ல வந்த எஃப்எஸ்ஆர் 1 மட்டும் வேற வகை, முந்தைய ஃப்ரேம்களோட தகவலை எடுத்துக்காது, அதனால சுமாரா தான் இருக்கும், அதை கடைசியா பாருங்க. இன்டெலோட அப்ஸ்கேலரான எக்ஸ்இஎஸ்எஸ் ஆப்ஷன் இருந்தா அதையும் ஒரு தடவை போட்டு பாருங்க, மத்த கம்பெனி கார்டுலயும் ஓடும்.

ஒண்ணு கவனிங்க, ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) யூசேஜ் 60, 70 சதவீதத்துலயே நிக்குது, எஃப்பிஎஸ் லிமிட்டும் விசிங்கும் (ஃப்ரேமை மானிட்டர் வேகத்தோட இணைக்கறது) ஆன்ல இல்லன்னா, பெரும்பாலும் சிபியு தான் மாட்டிட்டு நிக்குது. அப்ப ரெசல்யூஷன் குறைச்சாலும் அப்ஸ்கேலர் போட்டாலும் எஃப்பிஎஸ் அசையாது, கேம்ல வர்ற கூட்டத்தோட அளவு, டிரா டிஸ்டன்ஸ் (எவ்ளோ தூரம் வரைக்கும் காட்சி வரையணும்ங்கறது) இதைத்தான் குறைக்கணும்.

ஃப்ரேம் ஜெனரேஷன்னா ரெண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவுல செயற்கையா ஃப்ரேம் செருகறது, அது சிபியு மாட்டற இடத்துலயும் நம்பரை ஏத்தி காட்டும், ஆனா 30-ல ஓடறதை 60-ஆ காட்டினாலும் ஒரு நிஜ ஃப்ரேமுக்கு ஆகறது அதே 33 மில்லிசெகண்ட், நடுவுல ஃப்ரேம் செருக அடுத்ததுக்கு வேற காத்திருக்கணும், மவுஸ் இழுக்கற மாதிரியே இருக்கும். ஏற்கனவே 60 கிட்ட வருது, ஹை ரிஃப்ரெஷ் மானிட்டர் இருக்கு, ஆடறது சிங்கிள் ப்ளேயர்னா தாராளமா போடுங்க. ஆன்லைன் ஷூட்டர்ல ஆஃப் பண்ணிடுங்க.