தஹபோன் சந்தை: சரக்குக்கு நல்ல மதிப்பெண், கேட்டுக்கு இல்லை

ஹிஸ்பானியோலா தீவின் மேற்கே ஹைட்டி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. நடுவில் உள்ள எல்லையில் முறையான தரைவழிக் கடவைகள் நான்குதான். வடகோடியில் இருப்பது தஹபோன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஹைட்டியின் வானமென்ட். திங்களும் வெள்ளியும் தஹபோனில் கூடுகிற சந்தைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். வாங்க, விற்க, வேடிக்கை பார்க்க அருமையான இடம். ஆனால் எல்லைக் கேட் திறந்திருந்தால்தான் சந்தை.

போவது சுலபம். டொமினிக்கன் தலைநகர் சாண்டோ டொமிங்கோவிலிருந்தும் சாண்டியாகோவிலிருந்தும் நேரடிப் பேருந்து இருக்கிறது. தலைநகரிலிருந்து ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆகவே முதல் நாள் மாலையே போய்த் தங்கிவிடுவது மேல். சந்தைக் கட்டடம் டொமினிக்கன் மண்ணில்தான் இருக்கிறது, அதனால் உள்ளே போக எல்லை தாண்ட வேண்டாம், முத்திரையும் வேண்டாம். அதற்காக பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பும் வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் வரிசையாக வரும், பேருந்தில் ஏறி ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள்.

முன்பு ஊர்த் தெருக்களில் நடந்த சந்தை இது. 1990களின் தொடக்கத்தில் ஹைட்டி மீது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வளர்ந்தது. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் கட்டிய கூரைக் கட்டடம். உள்ளே நெரிசல், வெளியே அதைவிட நெரிசல். கைவண்டிக்காரர் பின்னால் கத்திக்கொண்டு வந்தால் யோசிக்காமல் ஒதுங்கிவிடுங்கள். மூட்டை ஏற்றிய வண்டியை அவரால் சட்டென்று நிறுத்த முடியாது.

சரக்கு எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். அரிசி, முட்டை, பாஸ்தா, வாழைக்காய், வெங்காயம், எண்ணெய் எல்லாம் மேற்கே போகும். முப்பது முப்பதாக அடுக்கிய முட்டைத் தட்டுகள் ஆளுயரத்துக்குக் கயிறு கட்டி நகர்வதைப் பாலத்தருகே பார்க்கலாம். மேற்கிலிருந்து வருவது பெரும்பாலும் பழைய துணி, செருப்பு, பூண்டு, வாசனைத் திரவியம், மது. மொத்த வியாபாரம் செய்யும் ஹைட்டிப் பெண்களுக்கு மடான் சாரா என்று பெயர். தூக்கணாங்குருவி இனத்துப் பறவை ஒன்றின் பெயர் அது. ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டு இரை தேடும். பொருத்தமான பெயர்தான்.

பழைய துணியைப் பெப்பே என்பார்கள். அமெரிக்காவில் கழித்துக் கட்டியது பேல் பேலாக ஹைட்டிக்கு வந்து, அங்கிருந்து இங்கே வருகிறது. பேல் உடைக்கும் காலை நேரத்தில் போனால் நல்லது கிடைக்கும். மதியத்துக்கு மேல் கழிசல்தான். போட்டுப் பார்க்க இடம் கிடையாது. காலர் மடிப்பு, அக்குள், ஜிப்பின் அடிநுனி, இந்த மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு உருப்படியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். பழைய துணி இறக்குமதியைத் தடை செய்யும் சட்டம் டொமினிக்கன் குடியரசில் 1973 முதல் இருக்கிறது. சந்தைக்குள் கண்டுகொள்ள மாட்டார்கள், மூட்டையாகக் கட்டிக்கொண்டு சாலையில் போனால் சாவடியில் இறக்கிவிடுவார்கள். பூண்டுக்கும் இதே கதை.

விலை பேசும்போது ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. டொமினிக்கன் பேசோவில் பேசினால் சிக்கல் இல்லை. ஹைட்டி வியாபாரி டாலர் என்று சொன்னால் அது அமெரிக்க டாலராக இருக்க வேண்டியதில்லை. ஹைட்டி டாலர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நோட்டும் கிடையாது, காசும் கிடையாது. ஹைட்டியின் நாணயமான கூர்டு ஐந்து சேர்ந்தால் ஒரு டாலர், அவ்வளவுதான். ஒரு காலத்தில் அமெரிக்க டாலருக்கு ஐந்து கூர்டு என்று கட்டி வைத்திருந்த மதிப்பின் மிச்சம் அது. நூறு டாலர் என்றால் ஐநூறு கூர்டு. முதலிலேயே "பேசோவா?" என்று கேட்டுவிடுங்கள். தானியத்தை மாமிட் என்ற தகர டப்பாவில் அளந்தால் டப்பாவின் அடியைத் தடவிப் பாருங்கள். உள்பக்கம் ஒடுங்கியிருந்தால் அளவு குறையும்.

கடிகாரமும் குழப்பும். டொமினிக்கன் குடியரசில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம். ஹைட்டி அமெரிக்கக் கிழக்குக் கரை போல மார்ச்சில் முன்தள்ளி நவம்பரில் பின்தள்ளும். கோடையில் இரண்டு ஊரிலும் ஒரே மணி. குளிர்காலத்தில் தஹபோனில் எட்டு என்றால் வானமென்டில் ஏழு. அந்த மாதங்களில் யாராவது நேரம் சொன்னால் எந்த ஊர் நேரம் என்று கேளுங்கள்.

இனி கேட். இந்தச் சந்தையின் பலவீனம் முழுக்க அங்கேதான். 2013 ஜூனில் பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி டொமினிக்கன் கோழியையும் முட்டையையும் ஹைட்டி நிறுத்தியது. 2015இல் சுங்க வருமானம் கைவிட்டுப் போகிறது என்று 23 வகைப் பொருட்கள் தரைவழி வரக் கூடாது, கப்பலிலோ விமானத்திலோதான் வர வேண்டும் என்றது. பெரிய அடி 2023இல். எல்லையில் ஓடும் மசாக்கர் ஆற்றிலிருந்து ஹைட்டிக்காரர்கள் வயலுக்குக் கால்வாய் வெட்ட, டொமினிக்கன் ஜனாதிபதி அபினாதேர் செப்டம்பர் 15 அன்று தரை, கடல், வான் என எல்லையை மொத்தமாக மூடினார். இரு நாடுகளும் 1929இல் செய்த ஒப்பந்தம் ஆற்றின் போக்கை மாற்றும் வேலை கூடாது என்கிறது. அவரவர் எல்லைக்குள் பாசனத்துக்கு நியாயமாக எடுத்துக்கொள்வதைத் தடுக்கவில்லை. ஆளுக்கொரு பாதியைப் படித்துக் காட்டினார்கள். பாலத்தின் இந்தப் பக்கம் மேற்கே போக வேண்டிய சரக்கு தேங்கியது, அந்தப் பக்கம் அடுப்படியில் பொருள் இல்லை. 1937இல் டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ருஹியோவின் ஆட்சியில் ஆயிரக்கணக்கான ஹைட்டியர்கள் வெட்டிக் கொல்லப்பட்ட எல்லை இது. இங்கே கேட் மூடினால் அந்தப் பக்கத்தவர்கள் அதை வெறும் வியாபாரத் தகராறாக எடுத்துக்கொள்வதில்லை.

அக்டோபர் 11 அன்று டொமினிக்கன் தரப்பு வியாபாரத்துக்கு மட்டும் திறந்தது. வானமென்ட் தரப்பு ரோஷத்தில் தன் கேட்டை உடனே திறக்கவில்லை. ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் விடுதிக்காரரிடம் விசாரிக்கும்போது "கேட் திறந்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு கேட்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.