பென்டிரைவ் உள்ளே போனது, கிராபிக்ஸ் கார்டு போகவில்லை: பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரியில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி அதில் விர்ச்சுவல் மெஷின் (விஎம், ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டலாம் என்று இருப்பவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 16,500 ரூபாய் போய் மாட்டிக்கொண்டது.

நான் கடலூர் திருப்பாப்புலியூரில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஒரே பெட்டியில் அடியில் ப்ராக்ஸ்மாக்ஸ் (விஎம்களை ஓட்டும் இயங்குதளம்) போட்டு வாடிக்கையாளர் படங்களை அதில் சேர்த்து வைத்துக்கொண்டு, மேலே ஒரு விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் ஓட்டி, கையில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டை முழுசாக அதற்கே கொடுத்துவிடலாம் என்று திட்டம். அதற்கு பிராசசர், மதர்போர்டு இரண்டிலும் விடி-டி (கார்டை நேரடியாக விஎம்முக்குக் கொடுக்க உதவும் இன்டெல் வசதி) இருக்க வேண்டும். இன்டெல் ஐ7 4770-ல் அது உண்டு என்று தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

கடையில் தெளிவாகவே கேட்டேன். "அண்ணே, கிராபிக்ஸ் கார்டை விஎம்முக்குள்ள கொடுக்கணும், விடி-டி இருக்கா?" அவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்' என்பதைக் காட்டினார். அப்புறம் ஒரு விஎம்மை ஓடவிட்டு, பென்டிரைவைச் செருகி, அது உள்ளே தெரிந்ததும், "பாத்தீங்களா தம்பி, டிவைஸ் உள்ள போகுது, கார்டும் இப்படித்தான் போகும்" என்றார். நம்பிவிட்டேன்.

இந்த இடம்தான் முக்கியம். டாஸ்க் மேனேஜர் காட்டுவது விடி-எக்ஸ் என்ற வேறொரு வசதி, விஎம் ஓடுவதற்கு அது போதும். யூஎஸ்பி பொருளை விஎம்முக்குக் கொடுப்பதும் மென்பொருள் வழியாகவே நடந்துவிடும், விடி-டி தேவையே இல்லை. ஆனால் கிராபிக்ஸ் கார்டு நேரடியாக மெமரியில் எழுதும், படிக்கும். விஎம் தன்னுடையது என்று நினைக்கும் மெமரி முகவரி வேறு, உண்மையான முகவரி வேறு, அதை மாற்றிக் கொடுப்பதற்கும் கார்டு வேறு யாருடைய மெமரியிலும் கை வைக்காமல் தடுப்பதற்கும் ஹார்டுவேரிலேயே ஒரு அமைப்பு வேண்டும், அதுதான் விடி-டி. பென்டிரைவ் உள்ளே போனது அதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

வீட்டுக்கு வந்து பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) தேடினால் விடி-டி என்ற வரியே இல்லை. லினக்ஸில் பிராசசர் விவரம் காட்டும் எல்எஸ்சிபியூ (lscpu) கட்டளையை அடித்ததும் தெரிந்துவிட்டது: 4770 இல்லை, 4770கே. இன்டெல் அந்தக் காலத்து கே வகைகளில் விடி-டியை எடுத்துவிட்டது, 2600கே, 3770கே, 4770கே எதிலும் கிடையாது, 2014-ல் வந்த 4790கே-யில்தான் திரும்பக் கொடுத்தது. ஒரே ஒரு எழுத்து.

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். "கே போட்டதுதான் ஒசத்தி, உங்களுக்குத்தான் லாபம்" என்றார். மாற்றியும் தரவில்லை, பணமும் தரவில்லை, பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று இருப்பதைக் கை வைத்துக் காட்டினார். சீசன் நேரத்தில் இரண்டு ஆல்பம் வேலை அப்படியே நிற்கிறது, கோபம் இன்னும் ஆறவில்லை.

தயவுசெய்து ஒரு லினக்ஸ் பென்டிரைவோடு கடைக்குப் போங்கள். பூட் வரியில் இன்டெல்_ஐஓஎம்எம்யூ=ஆன் (intel_iommu=on; விடி-டி போன்ற அமைப்புகளின் பொதுப் பெயர்தான் ஐஓஎம்எம்யூ) என்று சேர்த்து லினக்ஸை ஏற்றி, சிஸ், கெர்னல், ஐஓஎம்எம்யூ_குரூப்ஸ் (/sys/kernel/iommu_groups) என்று உள்ளே போய்ப் பாருங்கள். அந்த ஃபோல்டர் காலியாக இருந்தால் ஒன்று பயாஸில் அணைந்திருக்கிறது, இல்லை அந்தப் பெட்டியில் வசதியே இல்லை, ஃபோல்டர் நிரம்புகிற வரை பணத்தை எடுக்காதீர்கள். உள்ளே குரூப் எண்கள் இருந்தால் உங்கள் கார்டு எந்த குரூப்பில், யாரோடு இருக்கிறது என்றும் பாருங்கள், ஒரே குரூப்பில் இருப்பவற்றைப் பிரித்துக் கொடுக்க முடியாது. பில்லில் பிராசசரின் முழுப் பெயரையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நான் கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன். பில்லில் கடைக்காரர் கையெழுத்தில் 'ஐ7 4770', பிராசசர் மூடியில் 'ஐ7-4770கே', இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படமும் மனுவோடு போகிறது.