38,500 ரூபாயும் போச்சு, கன்னத்துத் தோலும் போச்சு: லேபிள் இல்லாத க்ரீமைத் தொடாதீங்க

இன்று காலை அரசு மருத்துவமனை தோல் பிரிவில் கேஓஎச் டெஸ்ட் எடுத்தாங்க. தங்கச்சி கன்னத்தில் இருப்பது படர்தாமரை. செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை தெரிந்துவிடும். அதைக்கூடச் செய்யாமல் ‘அலர்ஜி’ என்று சொல்லி நாலு மாசத்தில் 38,500 ரூபாய் கறந்தது, பெங்களூரில் தோல், முடி, லேசர் எல்லாம் ஒரே மாடியில் பார்க்கிற ஒரு கிளினிக்.

கவுன்டரில் இருந்தவர், “தமிழா? நானும் வேலூர்தான், கவலைப்படாதீங்கம்மா” என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்கு 10,000 முன்பணம். கையில் தந்தது லேபிள் ஒட்டாத வெள்ளை டப்பா. ஒரே வாரத்தில் சிவப்பும் அரிப்பும் அடங்கின. அந்த நிம்மதியில்தான் மீதி 28,500-ஐயும் கட்டினாள். அடங்கியது நோயே இல்லை! அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருந்திருக்கணும், அது தோலின் எதிர்ப்பை அமுக்கும். அரிப்பு நிற்கும், பூஞ்சை பாட்டுக்குப் பரவும். படர்தாமரைக்கு அடையாளமான வளைய விளிம்பும் கலைந்துபோவதால் அடுத்துப் பார்க்கிற டாக்டரே ஏமாறலாம். க்ளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டை முகத்தில் போடவே கூடாது, உடம்பிலும் தொடர்ந்து 2 வாரம்தான். இவள் தினம் 2 வேளை, 4 மாசம். டப்பாவில் என்ன இருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, தோல் சொல்கிறது. மெலிந்து, ரத்தக்குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரிகின்றன. பருக்கள் வேறு. ஒரு நாள் தடவாவிட்டால் எரிகிறது.

கேட்டால் முதலில் “சோப்பை மாத்துங்க.” பிறகு “வெயில்ல போயிருப்பீங்க.” பிறகு “டாக்டர் லீவு.” பணம் கேட்டதும் “பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது மேடம்.” கேஸ் ஷீட் “ஹெட் ஆபீஸ்ல இருக்கு.” நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் பதிவுகளைத் தரணும் என்பது 2002 மருத்துவ கவுன்சில் விதி. எழுதிக் கேட்டு ஒன்பது நாள் ஆச்சு. பில்லில் ‘ஸ்கின் பேக்கேஜ்’ என்று மட்டும் இருக்கு, டாக்டர் பெயரே இல்லை.

1998-இல் கொல்கத்தாவில் தோல் உரியும் நோய்க்கு டெப்போ ஸ்டீராய்டு (உடம்பில் மெதுவாகக் கரைவது) ஊசி போட்ட ஒரு பெண் பிறகு இறந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2013-இல் கிட்டத்தட்ட 6 கோடி நஷ்டஈடு கொடுத்தது. 80 மில்லிகிராம், நாளுக்கு 2 வேளை என்று அங்கே டோஸைச் சொல்ல முடிந்தது. எங்களிடம் இருப்பது பெயரில்லாத டப்பா.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். மருந்துச் சீட்டில் டாக்டர் பதிவு எண் இல்லையென்றால் எழுந்து வந்துடுங்க. டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க, அதுதான் சாட்சி. தேதியோடு போட்டோ எடுங்க. க்ரீமை நீங்களாகப் பட்டென்று நிறுத்தாமல், எம்.டி. அல்லது டிடிவிஎல் (தோல் நோய் டிப்ளமோ) படித்த தோல் டாக்டரிடம் காட்டுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷத்துக்குள் போகணும். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

எங்கள் 38,500-க்கு மனு திங்கட்கிழமை போகிறது.