பின் சொக் மாற்றப் போகிறவர்களுக்கு: பழைய சோடியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

பழைய ஹொண்டா சி.டி. 125, எம்.டி. 90 பைக்குகள் வைத்து ஓடும் வன்னிப் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கிளிநொச்சி டவுனில் உதிரிப்பாகம் விற்று, வாசலிலேயே பூட்டியும் கொடுக்கும் ஒரு கடையில் என் சி.டி. 125இன் பின் சொக் (கிடங்கில் விழும்போது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிறிங் தண்டு) இரண்டையும் மாற்றினேன். கடையின் பெயரைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுத்த முறைப்பாட்டில் எழுதியிருக்கிறேன், இங்கே போடவில்லை.

பழைய சொக் போய்விட்டது என்பதில் சந்தேகமில்லை. தண்டில் ஒயில் கசிந்து புழுதி அப்பியிருந்தது. பரந்தன் - முல்லைத்தீவு றோட்டில் போகும்வரை பெரிதாகத் தெரியாது. விசுவமடுவில் திரும்பி கிறவல் ஒழுங்கைக்குள் இறங்கினால், பின்னால் 50 கிலோ யூரியா மூட்டையும் இருந்தால், ஒவ்வொரு கிடங்குக்கும் மட்காட் ரயரில் உரசும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக்கின் விலை ஏறின ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். இருப்பதைத் திருத்தி ஓடுவதுதான் வழி.

கடைக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். "அண்ணை, இது சி.டி.க்கெண்டே வாற சொக். கண்ணை மூடிக்கொண்டு பூட்டலாம்." பெட்டியில் ஜப்பான் என்று பெரிதாக அடித்திருந்தது. எந்த மொடலுக்கு, எத்தனை மில்லிமீற்றர் நீளம், யார் இறக்குமதி செய்தது, ஒன்றும் இல்லை. பழையதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்று கேட்டேன். அதற்குள் வேலைக்கு நின்ற தம்பி ஒரு பக்கத்தைக் கழற்றிப் புதியதைக் கொழுவிவிட்டார். மற்றப் பக்கமும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ரூ. 9,500. பில்லில் வெறுமனே "சொக் 1 சோடி" என்று எழுதினார்கள், நான் நின்று "சி.டி. 125" என்று சேர்த்து எழுதுவித்தேன். பின்னால் உதவியது அந்த ஒரு சொல்தான்.

பழைய சோடியைத் தாருங்கள் என்றேன். "இரும்புக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போயிட்டான் அண்ணை" என்றார்கள். வீட்டில் கிடக்கும் உடைந்த தண்ணீர்ப் பம்பைக் கொடுக்க நான் வாரக்கணக்காக இரும்புக்காரரைத் தேடுகிறேன். இவர்களுக்கு அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டாராம்!

இனி அந்தச் சொக் செய்த வேலையைக் கேளுங்கள்.

டபிள் ஸ்ராண்டில் ஏற்றினால் பின்சில்லு நிலத்தில் முட்டிக்கொண்டு நின்றது. முன்பு தாராளமாகச் சுற்றும். சைட் ஸ்ராண்டில் விட்டால் பைக் அளவுக்கு மீறிச் சரிந்தது. மணல் முற்றத்தில் ஒருமுறை விழுந்தும் விட்டது. பின்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைற் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு கிட்டத்திலேயே வெளிச்சம் போட்டது. இரவில் நடுறோட்டில் மாடுகள் படுத்திருக்கும் எங்கள் ஊர் வழியே அப்படி ஓடிப் பார்த்தால்தான் தெரியும். ஹாண்டிலும் லேசாக அலைந்தது.

திரும்பக் கடைக்குப் போனேன். "புதுசெண்டால் அப்பிடித்தான். பாரம் ஏத்தி ஓடுங்கோ, பதிஞ்சு வரும்" என்றார். ஸ்பிறிங் காலப்போக்கில் கொஞ்சம் தளரும், அது உண்மைதான். ஆனால் சில்லு தொங்கும்போது சொக்கின் முழு நீளம் எவ்வளவோ அதை எத்தனை மூட்டை ஏற்றினாலும் குறைக்க முடியாது. செயின் கவருக்குள் கடகடவென்று சத்தம் வருகிறதே என்று கேட்டதற்கு அந்தத் தம்பி ஸ்பனரை எடுத்து செயினை இறுக்கிவிட்டார். உண்மையான கேடு அங்கேதான் தொடங்கியது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் இந்த இடம்தான் பிடிபடுவதில்லை. எஞ்சின் பக்கத்து சின்னச் செயின் சில்லு, சுவிங் ஆம் (பின்சில்லைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடும் கவை) பூட்டியிருக்கும் போல்ட், பின்சில்லின் அச்சு, இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயினுக்கு ஆகக் கூடிய இழுவை. பைக் சும்மா நிற்கும்போது அச்சு அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும், அதனால் செயினில் சற்றுத் தளர்வு இருக்கும், இருக்கவும் வேண்டும். நீளமான சொக் போட்டால் அச்சு இன்னும் கீழே போகிறது, தளர்வு கூடுகிறது. அந்த நிலையில் வைத்துச் செயினை இறுக்கினால், ஆளும் மூட்டையும் ஏறிச் சில்லு மேலே வரும்போது செயின் நாண் ஏற்றின வில் போல விறைத்துவிடும். என் பைக்கில் சின்னச் செயின் சில்லுக்குப் பின்னால் இருக்கும் ஒயில் சீல் கசியத் தொடங்கியது. செயினைத் தளர்த்தி, சீலையும் மாற்ற வேண்டியதாயிற்று.

கடைசியில் ஊரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த நேரம் பெற்றோலைத் துளி துளியாக விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் பைக் ஓட வைத்த கைகள் அவை. அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கும் வன்னியில் ரூ. 9,500 கொடுத்து இந்த வேலையை வாங்கியிருக்கிறேன் என்பதுதான் எரிச்சல். அவர் முதலில் கேட்டது, "பழசு எங்கை?" என்று. இல்லை என்றதும் அயலில் ஒரு சி.டி.யைக் கேட்டு வாங்கி, டபிள் ஸ்ராண்டில் ஏற்றி, சொக்கின் மேல் கண்ணின் (பைக்கில் கொழுவும் வளையம்) நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவுக்கு அளந்தார். டபிள் ஸ்ராண்டில் சில்லு தொங்கும்போதுதான் அந்த அளவு சரியாக வரும். நிலத்தில் நிற்கும் பைக்கில் ஸ்பிறிங் அமுங்கிக் குறைவாகக் காட்டும். என் புதுச் சொக் அதைவிட 25 மில்லிமீற்றர் கூட நீளம்.

அதோடு முடியவில்லை. மேல் நட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து தகரத் துண்டு ஒன்று விழுந்தது. சொக்கின் கண்ணில் இருக்கும் இரும்புக் குழாயின் துவாரம் பைக்கில் சொக்கைக் கொழுவும் ஊசியை விடப் பெரியது. ஆட்டம் தெரியாமலிருக்கத் தகரத்தைச் சுற்றி, மேலே வாஷர் அடுக்கி மூடியிருக்கிறார்கள். கிடங்கில் விழும்போது வந்த டக் டக் சத்தம் அதுதான். ஊசியிலும் தேய்மானம் விழத் தொடங்கியிருந்தது. பிறகு சீற்றை அமத்திவிட்டுக் கையை எடுக்கச் சொன்னார். நல்ல சொக் நிதானமாக எழும்பி நின்றுவிடும். இது துள்ளித் துள்ளி ஆடியது. வெறும் ஸ்பிறிங் மட்டும்தான் வேலை செய்கிறது, உள்ளே ஒயில் இருக்கிறதோ தெரியாது என்றார்.

ஆகவே வாங்க முதலே பழையதைக் கழற்றி அளவெடுத்துக்கொண்டு போங்கள். ஒரு பக்கத்தைக் கழற்றி அளந்து திரும்பப் பூட்டிய பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் சில்லு தொங்கிவிடும். கண்ணின் துவாரம், குழாயின் அகலம், கீழ்ப்பக்கம் கண்ணா கவையா என்பதையும் பாருங்கள். ஸ்பிறிங் பருமனாக இருந்தால் செயின் கவரில் உரசும். "சி.டி.க்கு வரும்" என்ற பேச்சை விட ஒரு மீற்றர் நாடா மேல்.

பில் கேட்டால் தரத்தான் வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நான் எழுத்தில் கொடுத்தேன், பில்லின் பிரதி, அளவுநாடாவோடு எடுத்த படம், அந்தத் தகரத் துண்டின் படம் எல்லாம் சேர்த்து.

இப்போது பைக்கில் இருப்பது யாழ்ப்பாணத்தில் பழைய ஜப்பான் சாமான் விற்பவரிடம் அளந்து எடுத்த சோடி. ரப்பர் புஷ் மட்டும் புதிது. பின்சில்லு டபிள் ஸ்ராண்டில் சுற்றுகிறது, லைற்றும் நிமிர்ந்துவிட்டது. அந்த ரூ. 9,500 சோடியை விலைக்குக் கேட்டு இருவர் வந்தார்கள். முறைப்பாடு முடியும்வரை அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. அளந்து பார்க்க விரும்புபவர்கள் வரலாம்.