கம்பித் தட்டும் நகராத ஹேங்கரும்

துணி அலமாரிக்குள் கம்பித் தட்டு மாட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மாட்டும் முறை பெட்டியின் மீதே படமாக இருக்கிறது. சில ஆண்டுகள் புழங்கிய பிறகு தெரிவதைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஹேங்கர் நகராது. என் கோபம் முழுவதும் இதன் மேல்தான். தட்டின் முன்விளிம்பில் ஹேங்கரை மாட்டினால், நெருக்கமாக ஓடும் குறுக்குக் கம்பிகளுக்கு இடையே கொக்கி சிக்கிக்கொள்கிறது. நடுவில் இருக்கும் சட்டை வேண்டுமென்றால் பக்கத்துச் சட்டைகளை ஒதுக்க முடியாது. ஒவ்வொன்றாகத் தூக்கி, அடுத்த இடைவெளியில் இறக்க வேண்டும். அவசரமாகக் கிளம்பும் காலையில் இதைச் செய்துபாருங்கள். ஹேங்கர் வழுக்கிச் செல்ல, தட்டுக்குக் கீழே தனியாக ஒரு நீளக் கம்பி ஓடும் வகையும் கிடைக்கிறது. கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மற்றபடி குறை சொல்ல மனம் வரவில்லை. காற்று ஊடுருவுவதால் மழைக்காலத்திலும் துணியில் பூஞ்சை வாடை இல்லை. மரத்தட்டு இருந்தபோது இந்த நிம்மதி கிடையாது. தூசியும் தட்டில் தங்குவதில்லை (கீழ்த்தட்டுத் துணியில் தங்குகிறது, அது வேறு கதை). பின்னல் துணிகளில் கம்பித் தடம் விழுகிறது. அதைத் தடுக்க பிளாஸ்டிக் விரிப்பு போடலாம், ஆனால் அப்புறம் காற்று எங்கே போகும்?

உறுதியைப் பற்றிக் கேட்டால், அது கம்பியைவிடச் சுவரைப் பொறுத்தது. செங்கல் சுவரில் பிளக் அடித்து மாட்டிய பகுதி அசையவே இல்லை. ஜிப்சம் பலகையில் மாட்டிய ஒரு பின்கிளிப் (தட்டின் பின்விளிம்பைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளிப்) அண்மையில் கழன்று வந்தது. பாரத்தைத் தட்டின் முன்பக்கம் குவித்தால், கீழிருந்து முட்டுக்கொடுக்கும் சாய்வுத் தாங்கி தட்டையே வெளிப்பக்கம் தள்ளுகிறது. அந்த இழுப்பு முழுவதும் பின்கிளிப்புகள் மேல் விழுகிறது. அதனால் சுமார் 1 அடிக்கு ஒரு கிளிப், 3 அடிக்குள் ஒரு தாங்கி என்ற கணக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். கனமான போர்வைகளைச் சுவரோரம் தள்ளி வையுங்கள். பக்கத்தில் புதுத் துளை போட்டு கிளிப்பை மாற்றியதும் தட்டு பழையபடி நிற்கிறது. பழுது பார்ப்பது இவ்வளவு எளிதாக இருப்பது உண்மையிலேயே பெரிய விஷயம். வெட்டிய முனைகளில் மூடி மாட்ட மட்டும் மறக்காதீர்கள், சட்டைக் கையைக் கிழித்துவிடும்.

மலிவு, காற்றோட்டம், உழைப்பு என்று கூட்டிப் பார்த்தால் 5-க்கு 4 கொடுக்க வேண்டும். நான் 2 கொடுக்கிறேன். போர்வையையும் துண்டையும் தினமும் நான் எடுப்பதில்லை. சட்டையைத் தினமும் எடுக்கிறேன்.